இன்னும் செய்யாத ஒன்றை ஏலம் விடுவது

சீனர்களின் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பினாங்குத் தீவின் பாசார் ஓரங்களிலும் தெருமுனைகளிலும் மேடைகள் எழும்பும். ஆயர் ஈத்தாம் போன்ற பழைய பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு அந்த ஊதுவத்திப் புகை பழகிப்போன ஒன்று. மூங்கிலிலும் காகிதத்திலும் செய்த, ஆவிகளின் அரசன் தாய் சூ யாவின் உருவம் ஒரு பக்கம் நிற்கும். எதிரே கூத்தோ பாட்டுக் கச்சேரியோ நடக்கும்; முன்வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்காகக் காலியாகக் கிடக்கும். வழிபாடு முடிந்த பிறகு குழு உறுப்பினர்களுக்கு விருந்து. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த விருந்துகளின் உச்சம் சாப்பாடு அல்ல, ஏலம். மதுப்புட்டி, அரிசி வாளி, சாமி சிலை என்று ஒவ்வொன்றாக மேடைக்கு வரும். சிங்கப்பூரில் பொன்தாளும் சிவப்புத் துணியும் சுற்றிய கரித்துண்டுகூட ஏலத்துக்கு வரும். அதற்குக் கறுப்புத் தங்கம் என்று பெயர். அடுப்புக்கு வாங்கினால் காசு பெறாத அந்தக் கரி பல ஆயிரம் வெள்ளிக்குப் போகும்.

இதைப் பார்த்துச் சிரிக்கிற தமிழர் ஒருமுறை விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே உள்ள ஒட்டனந்தலுக்குப் போய்வர வேண்டும். பங்குனி உத்திரத்தின்போது முருகனின் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை அங்கே ஏலம் விடுவார்கள். ஒரு பழம் பல்லாயிரம் ரூபாய்க்குப் போகும். ஹைதராபாத் அருகே பாலாப்பூரில் பிள்ளையாருக்குப் படைத்த லட்டு 1994இல் 450 ரூபாய்க்கு ஏலம் போனது. அதே ஏலத்தில் 2024இல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாய் கேட்கப்பட்டது. அந்தப் பணம் கோயிலுக்கும் ஊர்ப் பணிகளுக்கும் போகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1943 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மாவிலும் நேதாஜி பேசிய கூட்டங்களில் அவர் கழுத்தில் விழுந்த மாலைகளை ஏலம் விட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் பெருந்தொகை திரட்டினார்கள். மாலை மறுநாளே வாடிவிடும் என்பது எடுத்தவருக்குத் தெரியும். அவர் வாங்கியது பூவை அல்ல; நாலு பேர் முன்னால் இன்ன தொகை கொடுத்தேன் என்ற பேச்சை.

பினாங்கின் ஏழாம் மாதக் கொண்டாட்டத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் டிபெர்னார்டி, 1970களில் தெருக் குழுக்களும் பாசார்க் குழுக்களும் ஒரு மத்தியக் குழுவின் கீழ் திரண்டதையும், சீனப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் நிதி சேர்க்கும் இயக்கமாக அந்த வழிபாடு மாறியதையும் பதிவு செய்திருக்கிறார். பேய்க்குப் படைத்ததில் பிள்ளைகள் படித்தார்கள். இந்த ஏலத்தின் இன்னொரு வழக்கம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சிங்கப்பூர்க் குழுக்களில் ஏலம் எடுத்தவர் பொருளை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். பணத்தை அடுத்த ஆண்டு கொண்டாட்டத்துக்குள் கட்டினால் போதும். பொருள் இன்று, காசு பிறகு. நடுவில் இருப்பது வாக்கு.

இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஏலம் ஒன்று கடந்த இருபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதில் காசு இன்று, பொருள் பிறகு. மேடைக்கு எந்தப் பொருளும் வராது. ஏனென்றால் அது இன்னும் செய்யப்படவே இல்லை.

2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தது. சில நாட்களுக்குள், தொலைக்காட்சித் தொடர்களுக்கும் படங்களுக்கும் ரசிகர்களாக இருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், இணையத்தில் ஓர் ஏலத்தைக் கூட்டினார்கள். ஒருவர், "உங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்து ஐயாயிரம் சொல்லில் கதை எழுதித் தருவேன்" என்பார். இன்னொருவர் ஓவியம் தருவார், மூன்றாமவர் கழுத்துக்குட்டை பின்னித் தருவார். நாலாமவர், "நீங்கள் சொல்லும் பாட்டுக்கு நீங்கள் சொல்லும் தொடரிலிருந்து காட்சிகளை வெட்டி ஒரு காணொளி செய்து தருவேன்" என்பார். இவற்றின்மேல் ஏலம் கேட்கப்பட்டது. வென்றவர் ஏலம் விட்டவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. பட்டியலில் உள்ள நிவாரண அமைப்புக்கு நேரடியாகப் பணம் கட்டி, ரசீதைக் காட்டுவார். ரசீது வந்ததும் வேலை தொடங்கும். அதே ஆண்டு பாகிஸ்தான் வெள்ளத்துக்கும், 2011இல் ஜப்பான் ஆழிப்பேரலைக்கும் இதே முறை கையாளப்பட்டது. 2016 இறுதியில் அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் வென்றதற்கு எதிர்வினையாகப் பிறந்த 'ஃபேண்டம் டிரம்ப்ஸ் ஹேட்' என்ற ஏலம் 2017 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. எந்தெந்தத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று அமைப்பாளர்களே பட்டியல் போடுகிறார்கள். செய்து தருபவர் தன் எல்லைகளை முன்பே எழுதிவைக்கிறார்: இந்தத் தொடர்கள் மட்டும், இத்தனை நிமிடம் மட்டும், இன்ன விஷயத்தைத் தொட மாட்டேன்.

இந்த ஏலத்தில் கைமாறுவது ஒருவருடைய வரப்போகும் மாலைப்பொழுதுகள். அவற்றில் நுழைந்து, "இந்தப் பாட்டு, இந்த இரண்டு பேர், இந்தக் கோபம்" என்று சொல்லும் உரிமையை ஏலம் எடுத்தவர் வாங்குகிறார். லட்டுக்கும் எலுமிச்சைக்கும் இல்லாத சிக்கல் இதில் உண்டு. செய்பவர் நோயில் விழலாம், ஆர்வம் வற்றலாம், ஆளே காணாமல் போகலாம். ஏழாம் மாத விருந்தில் குழு ஏமாறக்கூடும். இங்கே கொடையாளி ஏமாறக்கூடும். ஆனால் தொண்டு அமைப்பு ஏமாறுவதில்லை, பணம் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு எந்த அமைப்பிலும் இத்தனை எளிதாக அந்தப் பாதுகாப்பு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மாலைப்பொழுதுகளில் நடக்கும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ரசிகர் காணொளியின் வரலாற்றை எழுதிய ஃபிரான்செஸ்கா கோப்பா அதை 1975இல் தொடங்குகிறார். அந்த ஆண்டு கேண்டி ஃபாங் என்ற பெண், 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் மாநாடு ஒன்றில் ஒரு பாட்டைப் போட்டு, அதன் தாளத்துக்கும் சொல்லுக்கும் ஏற்ப ஸ்லைடுகளை மாற்றிக் காட்டினார். அந்த ஸ்லைடுகள் எங்கிருந்து வந்தன? படத்தொகுப்பு அறையில் கழித்துப் போட்ட பிலிம் துண்டுகளிலிருந்து. இதைப் படித்ததும் நம்மூர் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். கொட்டகை ஆபரேட்டரைக் கெஞ்சி வாங்கிய பிலிம் துண்டுகளும், தண்ணீர் நிரப்பிய பியூஸ் போன பல்பும், கண்ணாடி வழியே திருப்பிவிட்ட வெயிலும், சுவரில் கட்டிய வேட்டியும் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பையன்களின் திரையரங்கமாக இருந்தன. மூலப்பொருள் ஒன்றுதான். கேண்டி ஃபாங் அதில் பாட்டைச் சேர்த்து, படத்தில் இல்லாத ஒரு கருத்தைச் சொன்னார். நம் பையன்கள் எம்.ஜி.ஆர். கத்தி பிடித்திருக்கும் சட்டகத்தைச் சுவரில் பெரிதாகப் பார்த்து மகிழ்ந்தார்கள். இந்த வேறுபாடு இன்றுவரை நீடிக்கிறது.

வீடியோ கேசட் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் இரண்டு விசிஆர்களை இணைத்து, நிறுத்தியும் பதிந்தும் வேலை செய்தார்கள். தவறு நேர்ந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2002 முதல் 2018 வரை சிகாகோவில் இதற்கென்றே 'விவிட்கான்' என்ற மாநாடு நடந்தது. 2007இல் லிம் என்பவர் செய்த 'அஸ்' என்ற காணொளி கலிஃபோர்னிய அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு லூமினோசிட்டி என்பவர் '300' படத்தின் போர்வீரர்களை மடோன்னா பாட்டுக்கு ஆடவிட்டார். வீரம் என்று படம் காட்டியதை அவர் உடல் அலங்காரமாகக் காட்டினார். ஒரு விமர்சனக் கட்டுரை பத்துப் பக்கத்தில் சொல்வதை மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழில் இந்த வேலையின் வடிவம் மாஷப். நடிகரின் பிறந்தநாளுக்கு முதல் நாள் வெளியாகும். கூடவே எல்லாரும் ஒரே நேரத்தில் மாற்றும் காமன் டிபியும் வரும். 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்த பிறகு முப்பது வினாடியில் முடியும் குட்டி எடிட்டுகள் பெருகின. தொழிலை அறியாதவர் இதை 'நாலு சீனை வெட்டி ஒட்டுவது' என்பார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று நிமிட மாஷப்பில் ஒரு காட்சி சராசரியாக ஒன்றரை வினாடி நிற்கும் என்றால் 120 வெட்டுகள். இருபத்தைந்து ஆண்டாக நடிக்கும் ஒருவரின் நாற்பது படங்களிலிருந்து அந்த 120ஐ எடுக்க வேண்டும். பழைய படங்கள் நல்ல தரத்தில் கிடைக்காது. கிடைப்பதில் மூலையில் தொலைக்காட்சிச் சின்னம் இருக்கும், அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கினால் நடிகரின் தலை வெட்டுப்படும். 1990களின் மங்கிய நிறமும் இன்றைய டிஜிட்டல் பளபளப்பும் அடுத்தடுத்து வந்தால் கண் உறுத்தும், எனவே நிறத்தைச் சமன் செய்ய வேண்டும். ஒரு படத்தில் கதவைத் திறப்பவர் இன்னொரு படத்தில் உள்ளே நுழைவது போலத் தைக்க வேண்டும். அந்த அசைவு பிஜிஎம்மின் அடியில் சரியாக விழ வேண்டும். வினாடிக்கு 24 சட்டகம் ஓடுவதில் மூன்று சட்டகம் பிந்தினாலும் அடி தப்பிவிடும். நடுவில் ஒரு வசனத்துக்காக இசையை இறக்கி, வசனம் முடிந்த கணத்தில் மறுபடி ஏற்ற வேண்டும். இது ஒருவர் பல வாரம் இரவு கண் விழித்துச் செய்யும் வேலை.

ஆனாலும் இந்தத் திறமை முழுவதும் ஒரே திசையில் போகிறது: புகழ்வது. நம் எடிட்டர்கள் சினிமாவோடு சண்டை போடுவது குறைவு. நாயகன் பின்தொடர, நாயகி முகம் திருப்பி நடக்கும் காட்சிகள் தமிழ்ப் படத்தில் எத்தனை! அவற்றில் அவள் முகம் திருப்பும் சட்டகங்களை மட்டும் வரிசையாக அடுக்கி ஒரு சோகப் பாட்டை அடியில் ஓடவிட்டால், ஆண்டாண்டாக எழுதப்பட்ட பெண்ணியக் கட்டுரைகளுக்கு அது குறையாது. அப்படி ஒன்றை யாராவது ஏலத்தில் கேட்கட்டும்.

பணம் ஏன் செய்தவர் கையைத் தொடக்கூடாது? இதற்கு ஒழுக்கம், சட்டம் என்று இரு காரணங்கள். ரசிகர் படைப்பை விற்பதற்கு மேற்கத்திய ரசிகர் வட்டங்களில் நெடுங்காலமாகத் தடை. 2007இல் ஃபேன்லிப் என்ற நிறுவனம் ரசிகர் கதைகளை வைத்து வணிகம் செய்ய வந்தபோது எழுந்த கோபத்தில்தான் அதே ஆண்டு ஓடிடபிள்யூ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பிறந்தது. ரசிகர்களே நடத்தும் ஏஓ3 என்ற கதைக் களஞ்சியம் அதன் பிள்ளை. 2019இல் ஹியூகோ விருது வாங்கியது. அறக்கொடை ஏலம் இந்தத் தடையை மீறாமல் பணத்தை உள்ளே கொண்டுவந்தது. செய்தவருக்குக் கூலி இல்லை, எனவே அது விற்பனை இல்லை. கொஞ்சம் சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் அமெரிக்கச் சட்டமும் ஏறத்தாழ அந்தப் பக்கமே சாய்ந்தது. டிவிடியின் பூட்டை உடைத்துக் காட்சி எடுப்பது அங்கே குற்றம். 2010இல் வணிக நோக்கற்ற காணொளிகளுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது, ஓடிடபிள்யூவும் அதற்காக வாதாடியிருந்தது. பின்னர் வந்த விதிகளில், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன காணொளியாக இருந்தாலும், சொன்னவரின் பயன்பாடு வணிகமற்றதாக இருந்தால் விலக்கு செல்லும் என்ற சொற்றொடரும் சேர்ந்தது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. நியாயமான பயன்பாடு என்பதற்கு முன்பு வரையறுத்த சில காரணங்கள் மட்டுமே இருந்தன. 2012 திருத்தம் அதை விரித்தது: ஆய்வு, விமர்சனம் முதலியவை 'உள்ளிட்ட' என்று சொல்லி, நோக்கம் வணிகமா இல்லையா, எவ்வளவு எடுத்தாய், மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொன்னது. பகடிக்கும் போலிப் பாணிக்கும் தனி இடமே உண்டு. இந்தியச் சட்டத்தைவிட இதில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் பூட்டை உடைப்பது இங்கேயும் தனிக் குற்றம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மலேசியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. இந்தியாவில் 60. 1965இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் உரிமைக்காலம் மலேசியாவில் 2015 முடிவோடு தீர்ந்தது; இந்தியாவில் இன்னும் பத்து ஆண்டு ஓடியது. ஆக, ஒரே எம்.ஜி.ஆர். வாள்வீச்சை 2016இல் ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்து வெட்டியவருக்கும் அம்பத்தூரில் உட்கார்ந்து வெட்டியவருக்கும் சட்டம் ஒன்றல்ல. ஆனால் அந்தப் படத்தின் பாட்டுக்கு வந்தால் கதை மாறும். பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை மலேசியாவில் அவர்கள் மறைந்து 50 ஆண்டு வரை நிற்கும். கண்ணதாசன் மறைந்தது 1981, வாலி 2013, எம்.எஸ். விஸ்வநாதன் 2015. படத்தை வெட்டலாம், அதன் பாட்டை அதன்மேல் போட முடியாது!

நடைமுறையில் சட்டப் புத்தகத்தைவிட இயந்திரம் முந்திக்கொள்கிறது. 2007 முதல் யூடியூப் வைத்திருக்கும் கன்டென்ட் ஐடி, பாட்டின் சில வினாடிகளைக் கேட்டே உரிமையாளரிடம் சொல்லிவிடும். அவர் முடக்கலாம், அல்லது காணொளியை ஓடவிட்டு விளம்பர வருவாயைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அறக்கொடைக்காகச் செய்த காணொளி இசை நிறுவனத்துக்குச் சில்லறை சம்பாதித்துக் கொடுக்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. தமிழ்த் திரையுலகில் உரிமை பற்றிய விழிப்பு அண்மையில் கூர்மையாகியிருக்கிறது. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் ஊரையே இரண்டாக்கியது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்குழுவுக்கும் அவரிடமிருந்து நோட்டீஸ் போனது. அதே ஆண்டு நவம்பரில் நயன்தாரா எழுதிய வெளிப்படைக் கடிதத்தில், தன் ஆவணப்படத்தில் இடம்பெற்ற மூன்று வினாடிக் காட்சிக்காகத் தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்பதாகச் சொன்னார். மூன்று வினாடிக்கு அந்த விலை என்றால், நம் எடிட்டரின் 120 வெட்டுகளுக்கு என்ன கணக்கு என்று யாரும் கேட்காதவரை நல்லது.

இப்போது நம் பக்கத்து அறக்கொடைக்கு வருவோம். தமிழ் ரசிகர் கூட்டம் அறப்பணியைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்டது. நற்பணி மன்றம் என்ற பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கமல் ஹாசன் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாகவே மாற்றினார். 1980களில் மதுரையில் தங்கி ஆய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கி, ரசிகர் மன்றத்தார் தங்கள் சமூக சேவையை எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். பிறந்தநாளுக்கு ரத்த தானம், அன்னதானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். திரையில் தலைவர் செய்வதைத் தெருவில் தொண்டர் செய்கிறார்.

மலேசியத் தமிழ் ரசிகர் வேறு வகையில் கொடுத்தார். 2002இல் நடிகர் சங்கக் கடனை அடைக்க விஜயகாந்த் தலைமையில் நட்சத்திரங்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். 2018 ஜனவரி 6இல் சங்கக் கட்டட நிதிக்காகக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நட்சத்திரக் கலைவிழா நடந்தது. ரஜினியும் கமலும் வந்திருந்தார்கள். இங்கத்து ரசிகர் டிக்கெட் வாங்கினார். சென்னையில் நிற்கும் கட்டடத்துக்குப் பினாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பஸ் ஏறிப் போனவர்களின் வெள்ளி சேர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர் பார்வையாளராகவே வந்து பார்வையாளராகவே திரும்பினார்.

ரசிகரின் ரத்தம், அரிசி, டிக்கெட் காசு எல்லாம் நற்பணியாக ஏற்கப்பட்டிருக்கின்றன. அவருடைய கைவேலை மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. மாஷப் செய்பவர் மன்றத்தில் இருப்பார், ரத்தமும் கொடுப்பார். ஆனால் அவருடைய மாஷப் தலைவருக்குப் போடும் மாலை, நோட்டுப் புத்தகம்தான் தர்மம். அந்த மாலையையும் ஏலம் விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் முதலில் பெயர் கண்ணில் படுகிறது. நம் ஊரில் கொடை பெயரோடுதான் வரும். கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரும் தந்தை பெயரும் எழுதி, வெளிச்சத்துக்கு இடம் மிச்சம் வைப்பது நம் வழக்கம். ஆயர் ஈத்தாமின் கெக் லோக் சி கோயிலிலும் காசு கொடுத்துக் கூரை ஓட்டில் பெயர் எழுதுகிறார்கள். மன்றத்தின் நோட்டுப் புத்தகத்திலோ அட்டையில் இருப்பது தலைவரின் படம். புண்ணியம் அவர் கணக்கில் ஏறுகிறது. ரசிகர் ஏலத்தில் அந்த மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. ஒருவர் செய்கிறார், ஒருவர் கொடுக்கிறார், நடிகர் வெறும் மூலப்பொருள். தலைவரை மூலப்பொருளாகப் பார்க்கும் மனநிலை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. அது வாய்க்காமல் மேலே சொன்ன விமர்சனக் காணொளியும் பிறக்காது.

வயிறும் ஒரு காரணம், இதை மேற்கத்திய ஆய்வுகளில் தேடினால் கிடைக்காது. அங்கே காணொளி செய்பவருக்குப் பெரும்பாலும் வேறு வேலை இருக்கிறது. இது மாலைநேர ஈடுபாடு. இங்கே எடிட்டிங் பையன்களின் பிழைப்பு. நாயகனுக்கு இலவசமாகச் செய்யும் மாஷப் அவர்களின் விசிட்டிங் கார்டு. அதைப் பார்த்துக் கல்யாண வீடியோ வரும், குறும்பட வேலை வரும், அதிர்ஷ்டம் இருந்தால் லிரிக் வீடியோ வரும். அவர்களிடம் போய், "உன் மூன்று வாரத்தைத் தர்மத்துக்குக் கொடு" என்பது அவர்களின் கூலியைக் கேட்பதற்குச் சமம். ரத்தம் கொடுத்தால் உடல் ஈடுகட்டிக்கொள்ளும். தவறவிட்ட கல்யாண ஆர்டர் திரும்பி வராது.

பினாங்கில் இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதை நெடுக அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களைப் பாருங்கள். நண்பர் கூட்டம், தொழிலாளர் கூட்டம், நிறுவன ஊழியர்கள் என்று ஆளுக்கொரு பந்தல். பந்தல் கட்டுபவரும் ஒலிபெருக்கி வைப்பவரும் விடிய விடிய சமைப்பவரும் தங்கள் தொழிலையே கொடுக்கிறார்கள். மின்வேலை தெரிந்தவர் மின்வேலை செய்கிறார். அங்கே யாரும் அவரிடம் காசோலை கேட்பதில்லை. கைத்தொழிலைத் தர்மமாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது சாமிக்குச் செல்லுபடியாகிறது, சினிமாவுக்கு இன்னும் ஆகவில்லை.

ஆயர் ஈத்தாமில் இப்படி ஓர் ஏலம் நடந்தால் எப்படி இருக்கும்? இங்கே ராஜாஜி தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தீவில் வேறு தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. எந்தப் பள்ளிக்கு என்று சொல்வது என் வேலையல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று கணினிக்கோ நூலகத்துக்கோ நிதி தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டும். ரசிகர் ஏலத்தில் திரட்டுபவர் என்று ஒருவர் இல்லை. எடுத்தவர் பள்ளியின் கணக்கில் நேராகக் கட்டிவிடுகிறார். நடுவில் இருப்பவர் சில்லறை எண்ண வேண்டியதில்லை, பிறகு கணக்குக் கேட்டு யாரும் சண்டைக்கு வரவும் மாட்டார்கள். நம் சங்கங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும்.

கூலிச் சிக்கலுக்கும் வழி உண்டு: மூன்று நிமிடம் கேட்காமல் முப்பது வினாடி கேட்பது. ஒரு ஸ்டேட்டஸ் எடிட்டுக்கு இருபது வெட்டு போதும், இரண்டு இரவில் முடியும். பத்து எடிட்டர்கள் ஆளுக்கொன்று தந்தால் ஒருவர் தலையிலும் பாரம் ஏறாது. என்ன கேட்பார்கள் என்பது சுவையான கேள்வி. இளவட்டம் தங்கள் நாயகனின் மாஸ் எடிட்டைக் கேட்காது என்றே நினைக்கிறேன். அது சும்மாவே கொட்டிக் கிடக்கிறது. காசு கொடுத்துக் கேட்பவர் யாரும் செய்யாததைத்தான் கேட்பார்: நாகேஷின் நடையை மட்டும் வைத்து ஒன்று, மனோரமா திட்டுவதை மட்டும் அடுக்கி ஒன்று, அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவர் இளமையில் பார்த்த சரோஜாதேவி படங்களிலிருந்து ஒன்று. சந்தை கேட்காத படைப்புகளை ஏலம் கேட்க வைக்கிறது. பணத்தைவிட இதுதான் அந்த ஏலங்கள் ரசிகர் கலைக்குக் கொடுத்த பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

சில முன்னேற்பாடுகள் வேண்டும். செய்து தருபவர் தன் எல்லையை எழுதித் தர வேண்டும்: எந்த நடிகர், எத்தனை வினாடி, எந்தக் கிண்டல் கூடாது. கெடு ஒன்று வேண்டும். ஏழாம் மாதக் குழுக்கள் கொடுப்பதைப் போல ஓராண்டு கொடுக்கலாம். கெடு தாண்டினால் இன்னொரு எடிட்டர் முடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முக்கியமாக, பாட்டைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும். ஏலம் எடுத்தவர் கேட்பது இளையராஜா பாட்டாக இருந்தால் யூடியூபில் ஏற்றிய காணொளி முடக்கப்படலாம். பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவதே நல்லது.